இருட்டில் பரிமாறுதல்

வியாழக்கிழமை இரவுகளில் எங்கள் தியேட்டரில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து படம் பார்ப்பேன். மடியில் நோட்டு, கையில் பென்சில், பக்கத்தில் சின்ன டார்ச். மறுநாள் திரையிடப்போகும் படத்தில் எத்தனையாவது நிமிடத்தில் பரிமாறுகிறவர்கள் உள்ளே வரலாம், எப்போது வரவே கூடாது என்று குறித்துவைப்பது என் வேலை. சண்டை, ரயில், அடைமழை, கல்யாண வீடு எல்லாம் எங்களுக்கு நல்ல நேரம். தட்டு வைக்கிற சத்தம் அதில் அமுங்கிவிடும். இரண்டு பேர் எதுவும் பேசாமல் ஜன்னலோரம் நிற்கிறார்கள் என்றால், அந்த நிமிடத்துக்கு நேரே பெருக்கல் குறி.

ஹட்சன் ஆற்றங்கரையில், நியூயார்க் நகரிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள சிற்றூர் எங்களுடையது. ஒரே திரை, 64 இருக்கைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குறுகிய மேசை. அந்த மேசைக்கு ஒரு கதை உண்டு. இந்த மாநிலத்தில் சினிமா அரங்குக்குள் மது பரிமாற வெகுகாலம் சட்டம் இடம் தரவில்லை. புரூக்ளினில் நைட்ஹாக் சினிமாவைத் தொடங்கிய மேத்யூ விரா விடாமல் முயன்றதில், 2011-ல் சட்டம் திருத்தப்பட்டது. சமையலறையும் மேசையும் வைத்துச் சாப்பாடு போடும் தியேட்டருக்கு அதன்பின் உரிமம் கிடைத்தது. அதற்கு முன்பே, 1997-ல், டெக்சஸின் ஆஸ்டின் நகரில் டிம், கேரி லீக் தம்பதி பழைய கார் நிறுத்தக் கட்டடம் ஒன்றில் அலமோ டிராஃப்ட்ஹவுஸைத் தொடங்கியிருந்தார்கள். நானும் கணவரும் அங்கே ஒரு மாலை உட்கார்ந்திருந்துவிட்டு வந்த பிறகுதான் எங்களுக்கும் இந்த ஆசை பிடித்தது.

சாப்பாடு போடாமல் எங்களால் படம் காட்ட முடியாது. புதுப்படமென்றால் டிக்கெட் பணத்தில் பெரும்பாலும் பாதி, சில வாரங்களில் அதற்கு மேலும், விநியோகஸ்தருக்குப் போய்விடும். வாடகையும் சம்பளமும் சமையலறையிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் அது சாதாரண உணவகத்துச் சமையலறை அல்ல. உணவகத்துக்கு ஆட்கள் மாலை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள். இங்கே 64 பேருடைய ஆர்டரும் முதல் இருபது நிமிடத்தில் சீட்டுச் சீட்டாக வந்து விழும். மெக்சிகோவின் பியூப்லாவிலிருந்து வந்த எங்கள் சமையல்காரர் அந்த இருபது நிமிடம் யாரிடமும் பேசமாட்டார். படம் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது பில் வைக்க வேண்டும். பெரும்பாலான படங்களில் யாராவது சாவதும் அப்போதுதான். என் பெருக்கல் குறிகளில் பாதி அங்கேதான் விழும்.

தியேட்டர் ஆரம்பித்த புதிதில் மதுரையிலிருந்து அம்மா போனில் கேட்டாள்: "ஏண்டி, இருட்டுல சோறு போடுறியே, முள்ளு கிள்ளு தொண்டையில சிக்கிட்டா என்னடி பண்ணுவ?" அன்றே மெனுவிலிருந்து முள்ளும் எலும்பும் போயின. சூப்பும் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட முடிகிறதா என்று பார்த்துத்தான் இன்றும் ஒரு பண்டத்தைச் சேர்க்கிறோம்.

அம்மாவுக்கு இது விளங்காததில் வியப்பில்லை. நான் படம் பார்த்து வளர்ந்த மதுரைத் தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்கார இடமிருந்தது. அங்கே தீனிக்கென்று இடைவேளை இருந்தது. விளக்கு எரியும், முறுக்குத் தட்டும் கலர் சோடாவும் வரும், மணி அடித்ததும் எல்லாரும் மறுபடி படத்துக்குத் திரும்புவோம். இடைவேளை இல்லாத தேசத்துக்கு வந்தபிறகுதான் அது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று எனக்குப் புரிந்தது.

2020 மார்ச்சில் மாநிலம் முழுவதும் தியேட்டர்கள் மூடப்பட்டபோது, பின்வாசல் வழியே சாப்பாட்டுப் பொட்டலம் விற்றுத் தாக்குப்பிடித்தோம். அக்டோபரில் நியூயார்க் நகருக்கு வெளியே கால்வாசி இருக்கைகளோடு திறக்க அனுமதி வந்தது. எங்கள் கணக்குக்குப் பதினாறு பேர்.

அதற்கப்புறம் ஒரு குளிர்காலத்தில் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைத் திரையிட முடிவு செய்தேன். 1993-ல் லண்டன் லேப் ஒன்றின் தீயில் கருகிய நெகட்டிவிலிருந்து மீட்டது போக மற்ற பிரதிகளையும் சேர்த்துச் செப்பனிட்டு, 2015-ல் வெளிவந்த பிரதி. வழக்கம்போல வியாழன் இரவு நோட்டோடு உட்கார்ந்தேன். பல்லில்லாத கிழவி இந்திர் தாக்ருண் விரல்களால் சோற்றைக் கூட்டிக்கூட்டி உண்கிறாள். துர்கா அவளுக்காகக் கொய்யா திருடுகிறாள். மிட்டாய்க்காரனுக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடுகிறார்கள், வாங்கக் காசில்லை. இதில் எந்த நிமிடத்தில் நான் உருளைக்கிழங்கு வறுவலை உள்ளே அனுப்புவது? வெளியூரிலிருந்து திரும்பிய அப்பா ஹரிஹர், துர்கா இறந்தது தெரியாமல், அவளுக்கு வாங்கிய சேலையை எடுத்துக் காட்டும்போது தாய் வெடித்து அழுகிறாள். நமக்கு அவள் குரல் கேட்பதில்லை, தார் ஷெனாய் மட்டும் கேட்கிறது. என் பென்சில் அதற்கு வெகுநேரம் முன்பே நின்றுவிட்டிருந்தது. அந்தப் படத்தின் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு போட்டேன்.

"ஒரு சனிக்கிழமை வருமானம் போயிடும்," என்றார் கணவர். உண்மைதான். ஆனாலும் படம் ஓடும்வரை எதுவும் பரிமாறுவதில்லை, முடிந்தபின் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு என்று வாசலில் எழுதி வைத்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய் வறுவல்.

41 பேர் வந்தார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் பியூப்லாக்காரரும் வாளியும் கரண்டியுமாக வரிசை வரிசையாகப் போனோம். இத்தனை வருஷமாக நான் போட்ட சோற்றை ஆட்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று அன்றுதான் முகம் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு மூதாட்டி தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். பக்கத்திலிருந்தவரும் கேட்டார். ஒன்பதரைக்கெல்லாம் பானை காலி. பியூப்லாக்காரர் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தார். நான் அரிசி களையப் போனேன்.