லம்பிரிட்ஜிலிருந்து வாரக் வரை

பூகோள படத்தில் இடம்பெறாத நாடு ஒன்றைப் பற்றிப் பிரயாணக் கட்டுரை எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் கிலினோர் என்னும் அந்நாட்டில் ஆறு உண்டு, கோட்டை உண்டு, சுங்கச் சாவடி உண்டு, பிறர் மடியில் உள்ள காசின்மேல் கண் வைத்துத் திரியும் எத்தரும் உண்டு. நாள்தோறும் பல்லாயிரவர் அங்கே சென்று மரம் வெட்டியும் மீன் பிடித்தும் அரக்கரோடு பொருதும் பொழுதைக் கழித்துவிட்டு வீடு திரும்புகின்றனர். விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகள் கைப்பேசியைக் கையில் ஏந்திச் சென்றுவரும் நாடுகளுள் இதுவும் ஒன்று. முதன்முறை செல்வோர்க்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோர்க்கும் பயன்படக்கூடிய செய்திகள் சிலவற்றை இங்கே கூறுவோம்.

‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்பது இந்த இணைய விளையாட்டின் பெயர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஜாஜெக்ஸ் நிறுவனத்தார் இதனை நடத்துகின்றனர். ரூன்ஸ்கேப் முதலில் வெளிவந்தது 2001-ஆம் ஆண்டில். ஆண்டுகள் செல்லச் செல்லப் புதுமைகள் பல ஏறி அதன் உருவமே மாறிவிட்டது. பழைய நாடே வேண்டும் என்று ஆடுவோர் பலர் ஏங்கினர். நிறுவனத்தாரிடம் 2007 ஆகஸ்டு மாதத்துப் பிரதி ஒன்று அழியாமல் இருந்தது. ஆடுவோரிடையே வாக்கெடுப்பு நடத்தி, 2013 பிப்ரவரியில் அப்பழைய நாட்டையே மீண்டும் திறந்துவைத்தனர். விட்டுவந்த ஊர் விட்டபோது இருந்தபடியே திரும்பக் கிடைப்பது மெய்யுலகில் எவர்க்கும் வாய்ப்பதில்லை. 2018 முதல் கைப்பேசியிலும் ஆடலாம். சந்தா செலுத்துவோர்க்கென்று தனிப் பகுதிகள் இருப்பினும், இலவசப் பகுதியே மாதக் கணக்கில் சுற்றிப் பார்க்கப் போதுமானது. 15 தொழில்களை அங்கே காசின்றிக் கற்கலாம். ஆதலால் தொடக்கத்திலேயே சந்தா கட்டுவது வேண்டாத செலவு என்பது என் கருத்து.

புதிதாக வருவோர் முதலில் ஒரு சிறு தீவில் இறக்கப்படுவர். மரம் வெட்டுதல், தீ மூட்டுதல், இறால் பிடித்தல், ரொட்டி சுடுதல், செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வெண்கலமாக்குதல், எலியோடு போரிடுதல் ஆகியவற்றை ஆசிரியர் பலர் அங்கே ஒவ்வொன்றாகக் கற்பிப்பர். இளைஞர்க்கு இது சலிப்பைத் தரும். சொற்களைப் படியாமலே பொத்தானை அழுத்திக்கொண்டு ஓடுவர். அங்ஙனம் ஓடலாகாது. தீவை விட்டு நீங்கியபின் அதற்குத் திரும்பும் வழி கிடையாது.

தீவிலிருந்து வந்து சேருமிடம் லம்பிரிட்ஜ். லம் என்னும் ஆற்றின் மேற்கரையில் அமைந்த சிற்றூர் இது. நடுவே ஒரு கோட்டை, அருகே தேவாலயம், ஒரு பொதுக்கடை, கோடரி விற்கும் பாப் என்பவரின் கடை. பாங்கி கோட்டையின் உச்சித் தளத்தில் இருக்கிறது. படியேறிச் செல்ல வேண்டும் என்பதை அறியாமல் கீழேயே தேடித் திரிவோர் பலர். நம் தோட்பையில் 28 பொருள்களுக்குமேல் கொள்ளாது. ஆகவே பாங்கியின் இருப்பிடத்தை அறிவதே முதல் வேலை.

இரண்டாம் வேலை, கோட்டைச் சமையலறைக்குச் சென்று சமையற்காரரைக் காண்பது. கோமகனின் பிறந்தநாளுக்குப் பலகாரம் செய்ய வேண்டிய அம்மனிதர், பண்டங்களை வாங்க மறந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். முட்டை ஒன்று, பால் ஒரு வாளி, மாவு ஒரு பானை: இவற்றைக் கொண்டுவருவதே நாம் ஏற்கும் முதற்பணி. பெரிய வீரனாகலாம் என்று எண்ணி வந்தவனுக்கு மளிகை வாங்கும் வேலையா என்று முகம் சுளிக்க வேண்டா. முட்டைக்குக் கோழிப் பண்ணைக்கும், பாலுக்கு மாட்டுத் தொழுவத்துக்கும் போக வேண்டும். மாவுக்கோ வயலில் கோதுமை கொய்து, காற்றாலையின் மேல்தளத்துக்கு ஏறி, தானியத்தைப் பெட்டியில் இட்டு, நெம்புகோலை இயக்கி, கீழே இறங்கிவந்து பானையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு அலைந்து முடிப்பதற்குள் லம்பிரிட்ஜின் வடபுறமும் கீழ்புறமும் மனப்பாடமாகிவிடும். வழி கற்பிப்பதற்கே அப்பணி வைக்கப்பட்டது. உழவர் பிரெடு என்பவர் 20 நூலுருண்டை கேட்பதும் அத்தகையதே. ஆட்டு மயிரைக் கத்தரித்துக் கோட்டையில் உள்ள இராட்டையில் நூற்றுக் கொடுத்தால் கூலி உண்டு.

ஆற்றின் கீழ்கரையில் குட்டைப் பூதங்கள் திரிகின்றன. வாள் பயிலுவோர்க்கு அவையே தக்க எதிரிகள். அவற்றுக்குச் சற்று வடக்கே மாட்டுக் கொல்லை. நம்மவருள் சிலர்க்கு மாட்டை வெட்டுவது மனத்துக்கு ஒவ்வாது. அவர்கள் பூதங்களோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒரு குறையும் நேராது. மற்றவர்கள் தோலைச் சேர்த்துக்கொண்டு, கிழக்கே சாவடியில் 10 காசு சுங்கம் கொடுத்து, அல் காரிட் என்னும் பாலைவன நகருக்குச் சென்று அங்குள்ள தோல் பதனிடுபவரிடம் மெல்லிய தோலாக்கிக்கொள்வர். தோலொன்றுக்குக் கூலி ஒரு காசு. புதியவன் தன் உழைப்பால் காணும் முதல் வருவாய் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

இங்கே தொழிற்கணக்கு ஒன்றைத் தெரிந்துகொள்வது நலம். ஒவ்வொரு தொழிலும் முதற்படியில் தொடங்கி 99-ஆம் படி வரை உயரும். இரண்டாம் படிக்கு வேண்டுவன 83 அநுபவப் புள்ளிகள். சாதாரண மரத்தில் ஒரு கட்டை வெட்டினால் 25 புள்ளி. ஆகவே நான்கு கட்டையில் படி ஏறிவிடும். 99-ஆம் படிக்கு வேண்டுவனவோ 1,30,34,431 புள்ளிகள்! இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 92-ஆம் படியை எட்டியவன் ‘இன்னும் ஏழே படி’ என்று மகிழ்வான். கணக்குப்படி அவன் பாதி வழிதான் வந்திருக்கிறான். இதனை முன்னமே அறிந்த பிள்ளை ‘இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி’ என்று இரவெல்லாம் விழித்திருக்க மாட்டான். இந்நாட்டில் முடித்துவிடலாம் என்று நினைத்து உட்கார்ந்தால் முடிவே இராது. ஒரு மணி நேரம் என்று முன்னமே வரையறுத்துக்கொண்டு செல்வதே முறை.

வேறொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். முன்னமே அங்கே குடியேறிய அண்ணனோ அத்தை மகனோ, புதிதாக வந்த பிள்ளைக்குக் காசும் கவசமும் அள்ளிக் கொடுக்க விரைவதுண்டு. அன்பினால் செய்வதே எனினும், ஆட்டத்தின் சுவையை இதைப்போல் கெடுப்பது வேறில்லை. வெண்கல வாளிலிருந்து இரும்பு வாளுக்கும், ஐந்தாம் படியில் எஃகுக்கும், இருபதில் மித்ரிலுக்கும், நாற்பதில் ரூன் வாளுக்கும் தானாக உயர்வதில்தான் மகிழ்ச்சி இருக்கிறது. எல்லாம் முதல் நாளே கையில் வந்து விழுந்தால் மறுவாரம் அப்பிள்ளை சலித்துப் போவான். கொடுக்க விரும்பும் அண்ணன் கூட நடந்து வழி காட்டட்டும்; அதுவே பெரிய கொடை.

பூதங்களை எளிதாக வெல்லத் தொடங்கியதும் வாரக் என்னும் தலைநகரைக் காணும் ஆவல் பிறக்கும். லம்பிரிட்ஜுக்கு நேர் வடக்கே உள்ளது அந்நகர். நேர்ப் பாதையில் சென்றால் நகர்வாயிலுக்குத் தெற்கே ஒரு கல்வட்டம் தென்படும். கரிய ஆடை உடுத்த மந்திரவாதிகள் அதைச் சுற்றி உலவுகின்றனர். நாம் ஒன்றும் செய்யாதிருப்பினும் அவர்கள் நம்மைத் தாக்குவர். புதியவர் பலர் தலைநகரைப் பாராமலே மாண்டுபோவது அவ்விடத்தில்தான். நம் போர்ப்படி ஓர் அரக்கனின் படியைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்டால் அவன் தானாக வந்து தாக்க மாட்டான் என்பது அந்நாட்டு நியதி. அம்மந்திரவாதிகளுள் வலியவர் 20-ஆம் படியினர். ஆகவே 40-ஐக் கடக்கும் வரை அந்த வட்டத்தை விட்டு விலகி நடப்பதே அறிவு.

சுற்றுவழி ஒன்று உண்டு. மேற்கே டிரேனர் சிற்றூருக்குச் சென்று, அங்கிருந்து வடக்கே திரும்பிப் பார்பேரியன் வில்லேஜை அடைந்து, பின் கிழக்கே நடந்தால் வாரக்கின் மேற்கு வாயில் வந்துவிடும். நடை அதிகம், அச்சம் குறைவு. டிரேனரில் பாங்கி தரைத்தளத்திலேயே இருக்கிறது. ஆற்றங்கரை மரங்களும் கண்ணுக்கு இனியவை. பார்பேரியன் வில்லேஜை ஒட்டி ஓடும் ஆற்றில், மீன்பிடி தொழிலில் 20-ஆம் படியினர் இறகைக் கொண்டு டிரவுட் மீன் பிடிக்கலாம். தொடக்கத்தில் உண்ட இறால் ஒன்று 3 உயிர்ப்புள்ளியே மீட்கும். டிரவுட் 7 மீட்கும். எங்குச் சென்றாலும் பையில் பாதி உணவாக இருக்கட்டும். உயிர் பாதி குறைந்தவுடன் உண்க. கடைசிவரை காத்திருப்பது வீரமன்று. வழி தவறினால் லம்பிரிட்ஜுக்கே கொண்டுசேர்க்கும் மந்திரம் ஒன்று எல்லார்க்கும் இலவசமாக உண்டு. அரை மணிக்கு ஒரு முறைதான் அது பலிக்கும். போரின் நடுவே பலிக்காது.

அச்சிற்றூரின் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதனுள் இறங்கினால் நான்கு தளங்கள் கொண்ட நிலவறை. அதன் கதவுகள் பேசும்! ‘உன் கடவுச்சொல்லை நண்பன் கேட்டால் என்ன செய்வாய்?’ என்ற வகையில் வினவும். சரியான விடை சொன்னால்தான் வழி விடும். முதல் மூன்று தளங்களின் கோடியில் முறையே 2,000, 3,000, 5,000 காசுகள் கிடைக்கும். நான்காம் தளத்தில் ஒரு சோடி காலணி. ஆக 10,000 காசு, ஏழைப் புதியவனுக்குப் பெருநிதி. ஓநாய்களும் பிறவும் காவலிருக்கின்றன. உணவு நிரம்ப எடுத்துக்கொண்டு செல்க. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பைக் கற்பிக்கக் காசு கொடுத்து ஆசை காட்டிய இந்த உபாயத்தை நான் மிகவும் மெச்சுகிறேன். அங்கே கேட்ட அறிவுரைப்படியே, பாங்கிக்கு நான்கு இலக்க இரகசிய எண்ணும், கணக்குக்கு இரட்டைப் பூட்டும் அன்றே அமைத்துவிட வேண்டும்.

ஏனெனில் அடுத்துச் செல்லும் வாரக்கில் இருப்பவர்கள் அரக்கர் அல்லர், மனிதர். நகரின் வடமேற்கில் கிராண்டு எக்ஸ்சேஞ்சு என்னும் பெருஞ்சந்தை உள்ளது. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் காணாமலே அங்கே விலை சொல்லிக் காத்திருக்கலாம். சந்தையே நடுநின்று முடித்துவைக்கும். அதில் மோசமில்லை. மோசமெல்லாம் சந்தைக்கு வெளியே நிற்கிறது. ‘உன் காசைக் கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்’ என்று ஒருவன் கூவுவான். முதலில் சிறு தொகையை மெய்யாகவே இரட்டிப்பாக்கியும் தருவான். பெருந்தொகை கைக்கு வந்ததும் மறைந்துவிடுவான். ‘உன் கவசத்துக்குப் பொன் விளிம்பு கட்டித் தருகிறேன்’ என்பான் மற்றொருவன். அப்படி ஒரு தொழிலே அந்நாட்டில் இல்லை. முன்பின் அறியாத ரயில் நிலையத்தில் பெட்டியோடு இறங்கி நின்ற நாளில், புன்னகையோடு வந்து பெட்டியைத் தொட்டவர்களை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அநுபவத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல தருணம். நேர் வாணிகத்தில் உறுதிகூறும் திரை இரண்டு முறை தோன்றும். இரண்டாம் திரையை எழுத்தெழுத்தாகப் படித்த பின்னரே ஒப்புக்கொள்ள வேண்டும். மெய்ப்பணம் கொடுத்து அந்நாட்டுக் காசை வெளியாரிடம் வாங்குவது விதிக்குப் புறம்பு, கணக்கே பறிபோகும்.

எத்தருள் மூன்றாம் வகையினர் இன்னும் நயமானவர்கள். நட்பாகப் பேசி, ‘வடக்கே நல்ல பொருள் கிடக்கிறது, வா’ என்று அழைத்துச் செல்வர். வாரக்குக்கு வடக்கே ஒரு சிறு பள்ளத்தைத் தாண்டினால் வைல்டர்னெஸ் என்னும் வனாந்தரம். அங்கே மனிதரை மனிதர் கொல்லலாம். பிற இடங்களில் இறந்தால் பொருள்கள் கல்லறையில் கால் மணி நேரம் காத்திருக்கும், ஓடிவந்து எடுத்துக்கொள்ளலாம். வனாந்தரத்தில் இறந்தால் விலை மிக்க மூன்று பொருள்கள் மட்டுமே எஞ்சும், மற்றவை கொன்றவனுக்கே. ஒரு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். அழும் பிள்ளையிடம் ‘வெறும் விளையாட்டுத்தானே’ என்று சொல்வது ஆறுதல் ஆகாது, உழைத்தது மெய்தானே! அவ்வனத்தைக் காண ஆசையுள்ளவன் எல்லாவற்றையும் பாங்கியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போய்ப் பார்த்துவரலாம்.

சிறு பணிகளை முடித்துக்கொண்டே வந்தால் பணிக்குரிய புள்ளிகள் சேரும். அவை 32 ஆனபின், வாரக்குக்குத் தென்மேற்கே உள்ள வீரர் கழகத்தின் கதவு திறக்கும். கிராண்டோர் தீவில் எல்வார்க் என்னும் பறவை நாகம் இருப்பதை அங்குள்ள தலைவர் தெரிவிப்பார். தீவுக்குச் செல்லப் போர்ட் சாரிம் துறைமுகத்தில் கிளாரன்ஸ் என்பவன் 2,000 காசுக்கு ஒரு கப்பல் விற்கிறான். அதன் அடியில் ஓட்டை இருப்பதை அவன் மறைப்பதில்லை. பலகை மூன்று, எஃகு ஆணி தொண்ணூறு, சுத்தியல் ஒன்று ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்க.