உயிர்ப்பிச்சை

கதை எழுதுகிறவனுக்குக் கொலை மிகவும் சுலபமான காரியம். ஒரு விஷக்காய்ச்சல் போதும். இல்லாவிட்டால் ஆற்றில் வெள்ளம் வரவழைத்து விடலாம். கேள்வி கேட்பதற்கு வாசகர்கள் மட்டும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டில் அந்தத் தொல்லையும் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன், 'அண்டர்டேல்' ஆடிப் பார்க்கும் வரையில்.

டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்கர் பெரும்பாலும் தாம் ஒருவராகவே உருவாக்கி 2015-இல் வெளியிட்ட விளையாட்டு அது. மனிதர்களிடம் போரில் தோற்ற பூதங்கள் பூமிக்கடியில் அடைபட்டுக் கிடக்கின்றன. அங்கே ஒரு மனிதக் குழந்தை விழுந்துவிடுகிறது. அந்தக் குழந்தை நாம்தான். எதிர்ப்படும் பூதத்தை வெட்டலாம். பேசிச் சமாதானமாகி விட்டுவிடவும் செய்யலாம்.

ஆரம்பத்திலேயே டோரியல் என்ற பூதத்தாய் வருகிறாள். ஆட்டு முகம். கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். குழந்தை தூங்கும்போது பட்டை மணக்கும் பலகாரத்தை அறையில் வைத்துவிட்டுப் போகிறாள். வெளியே போனால் செத்துப்போவாய் என்று சொல்லி வாசலை மறிப்பவளும் அவளேதான். நெருப்பை வீசுகிறாள், ஆனால் நம் உயிர் ஊசலாடும் நிலை வந்தால், அந்த நெருப்பு நம்மைத் தொடாமல் விலகிப் போகிறது! பேச்சு எடுபடாது. 'விட்டுவிடு' என்ற பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டும். கொல்வதைவிடப் பொறுப்பதற்குத்தான் அதிகப் பொறுமை தேவைப்படுகிறது.

சற்றுப் பலவீனப்படுத்திய பிறகு விட்டுவிடலாம் என்று வெட்டியவர்கள் அநேகர். எதிர்பாராத ஒரு வீச்சில் அவள் விழுந்துவிடுகிறாள். பரவாயில்லை, பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கி அவளைப் பிழைக்க வைக்கலாம். ஆனால் வாசலுக்கு அப்பால் ஃப்ளவி என்ற பேசும் பூ காத்திருக்கிறது. "நீ அவளைக் கொன்றாய், பிறகு மனம் மாறித் திரும்பி வந்தாய். எனக்குத் தெரியும்" என்கிற பாவனையில் அது சிரிக்கிறது. அழித்து எழுதிய பக்கத்தையும் படித்துவிட்ட வாசகர் அது!

நான் ஒருவரையும் கொல்லாமல் ஆடி முடித்தேன். மனம் நிறைந்துதான் இருந்தது. இரண்டே நாளில் வேறொரு எண்ணம் தலைகாட்டியது: எல்லோரையும் கொன்றால் என்ன ஆகும்?

பேத்தி அந்த வழியை அறிந்தவள். "ஊரே காலியாகிவிடும், தாத்தா. டோரியல் ஒரே அடியில் போய்விடுவாள். கடைசியில் உலகமே அழியும். அதைத் திரும்பப் பெற நம் ஆத்மாவைக் கொடுக்க வேண்டும். அப்புறம் எவ்வளவு நல்லவராக ஆடினாலும் முடிவில் அந்தக் கறை தெரியும்" என்றாள்.

"வெறும் படம்தானே அம்மா?" என்றேன்.

"படம்தான். அந்தப் பூவும் முதலில் எல்லோருக்கும் நல்லதுதான் செய்ததாம். அலுத்துப்போன பிறகு, என்ன ஆகும் பார்ப்போம் என்றுதான் கொல்ல ஆரம்பித்ததாம்."

எனக்குச் சுருக்கென்றது. செத்துப்போகும் டோரியல் பொய். ஆனால் வேடிக்கை பார்க்கத் துடிக்கும் ஆவல் பொய்யல்லவே! கோபமில்லை, பகையில்லை, பசியில்லை. தெரிந்துகொள்ளலாம் என்ற ஆசை ஒன்றே போதும் என்றால், மனிதனிடம் எதற்குத்தான் காவல் இருக்கிறது?

விளையாட்டை மீண்டும் தொடங்கவில்லை. இன்னும் டோரியல் உயிரோடுதான் இருக்கிறாள். அந்த ஆவலும் உயிரோடுதான் இருக்கிறது.