தீர்த்தமலை யாத்திரைக்கு இரண்டு மாற்றுடை

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது தீர்த்தமலை. மலைமீது தீர்த்தகிரீசுவரர், அன்னை வடிவாம்பிகையுடன் எழுந்தருளி அருள்பாலிக்கிறார். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம் இது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் சிறப்பித்துச் சொல்வது நம் மரபு. இங்கோ மலையின் பெயரே தீர்த்தத்தால் வந்தது. இராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று மலைமேல் வரிசையாக விளங்குகின்றன. பாறை முகட்டிலிருந்து அருவியாக விழும் இராமர் தீர்த்தத்தில் தலை நனைத்த பிறகே இறைவனைத் தரிசிப்பது அன்பர்களின் வழக்கம்.

இராவண வதம் முடிந்து திரும்பிய இராமபிரான் இங்கே சிவபூசை செய்ய விரும்பினார் என்கிறது தலபுராணம். காசியிலிருந்து கங்கை நீரும் மலரும் கொணர அனுமனை அனுப்பினார். பூசை நேரம் நெருங்கியும் அனுமன் வரவில்லை. இராமர் பாறைமீது அம்பு தொடுக்க, அங்கிருந்து பெருகியதே இராமர் தீர்த்தம். காலம் தாழ்த்தி வந்த அனுமன் மனம் வருந்தி எறிந்த கங்கை நீர் விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தம். அங்கு முதலில் நீராடி, பிறகு மலையேறி இராமர் தீர்த்தத்தில் நீராடுவோர் பலர். ஆக, ஒரே நாளில் இரண்டு நீராட்டு, இடையே ஒரு மலையேற்றம். முதியோர்க்கு இந்த யாத்திரை இனிதாக அமைவது பெரும்பாலும் அவர்கள் எடுத்துச் செல்லும் துணியைப் பொறுத்தே இருக்கிறது.

இதே கேள்வி இராமேசுவரத் தீவிலும் எழுவதுண்டு. அங்கே கடலாகிய அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீரைத் தலையில் ஏற்று, நனைந்த உடையோடு நெடும் பிராகாரங்களில் நடக்கிறோம். பின்னர் உலர்ந்த உடை மாற்றியே சந்நிதிக்குச் செல்கிறோம். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும்வரை அத்தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். அக்காலத்து யாத்திரிகர் தோளில் ஒரு சிறு துணிமூட்டையுடன் சென்றனர். இன்று சக்கரம் வைத்த பெட்டிகள் வந்துவிட்டன. தீவிலாவது அவற்றை உருட்டிச் செல்லலாம். தீர்த்தமலைப் படிகளில் அவை உதவா. எடுத்துச் செல்வது அனைத்தையும் சுமந்தே ஏற வேண்டும். ஆகவே மூட்டை சிறியதாக இருத்தல் நலம்.

உடுத்திச் செல்லும் உடை நீங்கலாக இரண்டு மாற்றுடை போதும். ஒன்று நீராடுவதற்கு, மற்றொன்று தரிசனத்துக்கு. அனுமன்தீர்த்தத்தில் நீராட்டு உடையோடு மூழ்கி, பிழிந்து வைத்துவிட்டு, வீட்டிலிருந்து உடுத்தி வந்த உடையிலேயே மலையேறலாம். மேலே இராமர் தீர்த்தத்தில் அதே நீராட்டு உடையை மீண்டும் கட்டிக்கொள்ளலாம். அதன்பின் மூட்டையில் மடிப்புக் கலையாமல் இருக்கும் தூய உடையை அணிந்து தீர்த்தகிரீசுவரர் முன் நிற்கலாம். இறங்கி வரவும் அதுவே போதும்.

நீராட்டு உடையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஆடவர்க்கு எட்டு முழ வேட்டியைவிட நாலு முழ வேட்டியே ஏற்றது. ஏறத்தாழ 1.8 மீட்டர் துணி. நனைந்தாலும் கனக்காது, காலில் சிக்காது. வெள்ளை மல்வேட்டி நனைந்தால் உடல் தெரியும் என்பதால், காவி வேட்டியோ அழுத்தமான நிறமுள்ள வேட்டியோ நன்று. துவட்டிக்கொள்ள ஈரிழைத் துண்டு ஒன்று. கனத்த பூத்துவாலை நீரை உறிஞ்சி மூட்டையின் எடையைக் கூட்டிவிடும்.

பெண்மணிகளுக்கு இதில் சிரமம் அதிகம். புடவை ஐந்தரை மீட்டர் நீளம்; மடிசாருக்குரிய ஒன்பது கஜமோ எட்டு மீட்டருக்கும் மேல். கனத்த பருத்திப் புடவை அருவி நீரில் நனைந்தால் அதன் பாரமே முழங்காலை இழுக்கும். பாலியஸ்டர் புடவை விரைவில் உலர்ந்தாலும் உடம்போடு ஒட்டிக்கொண்டு கூச்சம் தரும். வெயிலில் ஏறும்போது வியர்வையையும் வாங்காது. மதுரைச் சுங்குடி போன்ற மெல்லிய பருத்திப் புடவையில் அழுத்தமான நிறமாகப் பார்த்து எடுத்துக்கொள்வது இரண்டுக்கும் நடுவான வழி. கணுக்காலுக்குச் சற்று மேலே கொசுவம் நிற்கும்படி கட்டி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டால் ஈரப்படியில் தடுக்காது. உடை மாற்ற மறைவிடம் உடனே கிடைக்காவிட்டால், உடன் வந்த இருவர் ஒரு பழைய புடவையைத் திரைபோல் பிடித்து நிற்கலாம். தலைமுறை தலைமுறையாக ஆற்றங்கரைகளில் நம் தாய்மார்கள் கண்ட உபாயம் இது.

பட்டு உடுத்தியே சுவாமியைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள், அதைத் தரிசன உடையாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மேலாடையின்றி ஒற்றை ஆடையோடு பூசையில் அமர்வதும், கரையேறிய பின் ஈர உடையோடு செபம் செய்வதும் கூடாது என்பது பெரியோர் வகுத்த நெறி. ஈரத்தோடு நெடுநேரம் நின்றால் முதியவர் உடல் குளிர்ந்து நடுங்கும் என்பதை நாமும் அறிவோம். மூட்டையில் மெல்லிய சால்வை ஒன்றும் இருக்கட்டும். காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி, மாத்திரை ஆகியவற்றைச் சுருக்குப்பையில் இட்டு, நீராடாமல் கரையில் இருப்பவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். வாய் இறுகக் கட்டிய துணிப்பையே உத்தமம். மலையில் வானரங்கள் உண்டு; கையில் தொங்கும் பிளாஸ்டிக் பை அவற்றின் கண்ணுக்குத் தின்பண்டமாகவே தோன்றும்.

நீராடிய உடையை அங்கேயே விட்டுவந்தால் பாவம் தொலையும் என்றொரு எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள பாபநாசத்திலும் இராமேசுவரக் கடலிலும் அவ்வாறு விடப்பட்ட துணிகள் தண்ணீரில் மிதப்பதையும் மணலில் புதைவதையும் யாத்திரை சென்றவர்கள் பார்த்திருப்பார்கள். நம் பாவத்தைக் கழுவ வந்த தீர்த்தத்தின்மேல் நம் அழுக்கை ஏற்றுவது எந்த வகையில் புண்ணியம் ஆகும்? அடுத்து நீராட வருகிறவர் காலில் அது சுற்றினால் அந்தத் துன்பமும் நம் கணக்கில்தானே சேரும்? உடுத்திய துணியைப் பிழிந்து வீட்டுக்கு எடுத்துவந்து, துவைத்து, அடுத்த யாத்திரைக்கு மடித்து வைப்பதே தீர்த்தத்துக்கு நாம் செய்யும் மரியாதை. தானம் செய்ய விரும்பினால் புதிய வேட்டியோ புடவையோ இல்லாதவர் கையில் கொடுக்கலாம்.

இந்த மலைக்கு நீர் தந்த இராமபிரான் உடையைப்பற்றி என்ன நினைத்தார் என்பதற்கு வான்மீகி இராமாயணத்தின் யுத்த காண்டத்தில் ஒரு சான்று உண்டு. போர் முடிந்ததும் விபீடணன் அவரை மங்கல நீராடி, இலங்கையின் உயர்ந்த ஆடை அணிகளை ஏற்குமாறு வேண்டுகிறான். பொன் விளையும் தீவு அது, வென்றவர் அவர், தருகிறவன் அன்புடைய நண்பன். எனினும் தமக்காகத் தவக்கோலம் பூண்டு காத்திருக்கும் பரதன் இல்லாமல் நீராட்டும் ஆடையும் அணியும் தமக்கு இனியவை அல்ல என்று இராமர் மறுத்துவிடுகிறார். நந்திக்கிராமத்தில் பரதனைக் கண்டபிறகே சடை களைந்து, நீராடி, நல்லாடை புனைகிறார். அந்த வரிசையை எண்ணிப் பார்த்தால், தீர்த்தமலைப் பாறையில் அம்பு தொடுத்தபோது அவர் திருமேனியில் இருந்தது தவசியர் உடைதான் என்று கொள்ளத் தோன்றுகிறது. பூசைக்கு அவர் தேடியது நீரும் மலரும் மட்டுமே.

பெட்டியைத் திறந்து எதை எடுப்பது, எதை விடுப்பது என்று தயங்கும்போது இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளலாம். புலித்தோல் உடுத்த பெருமானைப் பார்க்கப் போகிறோம். மாசி மாதப் பெருவிழாக் காலமாயினும், கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளாயினும், படிக்கல் சூடேறுமுன் விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். துணைக்கு இளையவர் ஒருவர் உடன் வரட்டும். தூய்மையான இரண்டு மாற்றுடையும் தீர்த்தம் முகந்து வர ஒரு சிறு செம்பும் மூட்டையில் இருந்தால் போதும். மற்றவற்றைத் தீர்த்தகிரீசுவரரும் வடிவாம்பிகையும் பார்த்துக்கொள்வார்கள்.