வளர்ற பிள்ளை

போன மாதம் பேத்திக்கு ஒரு கிரிக்கெட் மட்டை வாங்கப் போனேன்.

அவளுக்குப் பதினோரு வயசு. 2025 நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை ஜெயித்து உலகக் கோப்பையைத் தூக்கிய ராத்திரி, இவள் சோபா மேல் ஏறி நின்று போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ‘யாருக்கு என்ன ஆச்சு?’ என்று பதறி மாடியேறி வந்துவிட்டார். மறுநாளே அம்மாவைப் பிடுங்கியெடுத்துக் கோச்சிங்கில் சேர்ந்தாள். கொஞ்ச நாள் அங்கே கிடந்த பொது மட்டையால் ஆடினாள். இப்போது சொந்த மட்டை வேண்டுமாம். வீட்டில் கிரிக்கெட் தெரிந்த ஒரே ஆள் என்று தாத்தாவை அனுப்பினார்கள்.

தாத்தாவுக்குக் கிரிக்கெட் தெரியும்தான். மட்டை வாங்கத் தெரியுமா என்பது வேறு கதை.

சேப்பாக்கம் ஸ்டேடியம் பக்கம் ஒரு கடை. உள்ளே நுழைந்ததும் மரமும் ரப்பரும் கலந்த ஒரு வாசனை. சுவர் முழுக்க மட்டைகள். நான் நேராகப் போய் ஆறாம் நம்பர் மட்டை ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ‘‘பாப்பாவுக்கு இது பெரிசு சார். நாலு போதும்.’’

‘‘வளர்ற பொண்ணுங்க. ரெண்டு வருஷத்துல சரியாயிடும்’’ என்றேன்.

சொல்லி முடித்த கணத்தில் திக்கென்றது. அது என் குரல் இல்லை. என் அப்பாவின் குரல்.

1972. எனக்குப் பத்து வயசு. முந்தின வருஷம்தான் அஜித் வாடேகர் டீம் வெஸ்ட் இண்டீஸிலும் இங்கிலாந்திலும் ஜெயித்துவிட்டு வந்திருந்தது. தஞ்சாவூரில் எங்கள் தெருப் பையன்கள் எல்லாருமே கவாஸ்கர். கையில் இருந்தது மட்டும் தென்னை மட்டை. அப்பா சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போனவர், திரும்பி வரும்போது மவுண்ட் ரோட்டில் ஒரு மட்டை வாங்கி, பழைய வேட்டியில் சுற்றி, ராத்திரி முழுக்க ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். அந்த மாசம் அம்மா சீட்டுப் பணம் கட்டவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பெரியவர்கள் ஆடும் முழு மட்டை அது. நிறுத்திவைத்தால் என் தொப்புளைத் தாண்டியது. ‘‘கொஞ்சம் பெரிசா இருக்கேன்னா’’ என்று அம்மா இழுத்ததற்கு, ‘‘வளர்ற பிள்ளை. ரெண்டு வருஷத்துல சரியாயிடும்’’ என்றார். என் அரை டிராயரையும் அப்படித்தான் தைப்பார்கள். டிராயரையாவது மடித்துத் தைக்கலாம். மட்டையை என்ன செய்வது?

மட்டைக்குச் சொந்தக்காரன் என்பதால் முதல் பேட்டிங் எனக்கு. அதே காரணத்தால் முதல் விக்கெட்டும் நான்தான். நான் மட்டையைக் கீழே இறக்குவதற்குள் பந்து ஸ்டம்பைத் தாண்டிப் போயிருக்கும். தப்பித்தவறிப் பட்டாலும், அடிக்கையால் வாரி இழுத்த பந்து இடப்பக்கம்தான் போகும். நேராக ஒரு பந்தை ஆடியதாக நினைவில்லை. பெரிய பையன்கள் அதே மட்டையால் வெளுத்து வாங்குவார்கள். நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பந்து பொறுக்குகிறவன் ஆனேன். ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்த அப்பா சைக்கிளை ஓரமாக நிறுத்தி வேடிக்கை பார்த்தார். முதல் பந்தே அவுட். வீட்டுக்கு வரும் வழியில், ‘‘மட்டை எப்படிடா இருக்கு?’’ என்றார். ‘‘சூப்பர்ப்பா’’ என்றேன்.

நான் அந்த மட்டைக்குத் தகுந்த உயரம் வளர்ந்தபோது மட்டை அடியில் பிளந்திருந்தது. எனக்கும் ஆட்டத்தின் மேலிருந்த ஆசை விட்டிருந்தது.

கடைக்காரரிடம் திரும்புவோம். அவர் என்னோடு வாதாடவில்லை. ‘‘பாப்பா, வலது கை ஆட்டமா? சரி, இடது கையால மட்டும் பிடியோட மேல்பக்கத்தைப் புடி. முன்னால நீட்டு. அப்படியே நில்லு’’ என்றார். பிடித்தாள். பத்து எண்ணுவதற்குள் முழங்கை நடுங்கி, மட்டை மூக்கு தாழ்ந்தது.

‘‘எப்படிம்மா இருக்கு?’’ என்று கேட்டேன்.

என் முகத்தைப் பார்த்தாள். ‘‘சூப்பரா இருக்கு தாத்தா’’ என்றாள்.

ஐம்பது வருஷத்துக்கு முந்தின அதே பொய். வாங்கித் தருகிறவர் மனசு நோகக்கூடாது என்று பிள்ளைகள் சொல்கிற பொய். அதனால் பெற்றோர்களே, தாத்தாக்களே, மட்டை வாங்கும்போது பிள்ளையின் வாயைக் கேட்காதீர்கள். முழங்கையைக் கேளுங்கள்.

நாலாம் நம்பரைக் கொடுத்தார். நீட்டின கை நீட்டினபடி நின்றது. அடுத்த சோதனை உயரம். நிமிர்ந்து நின்று, மட்டையின் அடிநுனியைக் கால் ஓரமாகத் தரையில் வைத்தால், பிடியின் உச்சி தொடையும் இடுப்பும் சேருகிற மடிப்புக்கு வர வேண்டும். நாலடி ஒன்பது அங்குலப் பெண்ணுக்கு அச்சாக வந்தது. கம்பெனிக்குக் கம்பெனி நீளம் கொஞ்சம் மாறுமாம். அதனால் நம்பரை மட்டும் நம்பாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது உத்தமம். எடையும் அப்படித்தான். பெரியவர்கள் மட்டை சுமார் ஒன்றேகால் கிலோ வரும். இந்த வயசுக்கு ஒரு கிலோவைத் தாண்டக்கூடாது.

‘‘சச்சினே கனமான மட்டையில்தானே ஆடினார்?’’ என்று கேட்டுப்பார்த்தேன். ‘‘அவரு சச்சின் சார்’’ என்று முடித்துவிட்டார். எனக்கும் பிராட்மன் ஞாபகம் வந்தது. பவ்ரல் என்ற சின்ன ஊரில், தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகிய பிள்ளை அவர். கையில் இருந்தது வெறும் குச்சி. ஆனால் அவரால் தூக்கி வீச முடிந்த குச்சி.

அடுத்து மரம். டென்னிஸ் பந்துக்கும் ஆரம்பப் பழக்கத்துக்கும் காஷ்மீர் வில்லோ தாராளமாகப் போதும். அனந்த்நாக் பக்கம் பிஜ்பிஹாரா, சங்கம் என்று நெடுஞ்சாலை ஓரமாகவே மட்டைப் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. தோல் பந்தில் தொடர்ந்து ஆடினால் இங்கிலீஷ் வில்லோ நல்லது. கொஞ்சம் மிருதுவான மரம். பந்து பட்டதும் துள்ளிப் போகும். மரம் அங்கிருந்து வந்தாலும் மீரட்டிலும் ஜலந்தரிலும் மட்டையாகச் செதுக்குகிறார்கள். நேர்நேராக ரேகை ஓடின உயர்ந்த ரகத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ரகம் பிரிப்பது பெரும்பாலும் அழகை வைத்துத்தான். கறை, புள்ளி இருக்கிற அடுத்த ரகமும் நன்றாகவே அடிக்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதில் நாம் செய்த தப்பை மட்டையிலும் செய்ய வேண்டாம்.

கறை இருந்த இங்கிலீஷ் வில்லோவே வாங்கினோம்.

‘‘அடுத்த வருஷம் சின்னதாயிடுமே?’’ என்றேன், கடைசி முயற்சியாக.

‘‘ஆகட்டும் சார். செருப்புக் கடையில அடுத்த வருஷத்துக் காலுக்கா செருப்பு வாங்குவீங்க?’’

அதைத்தானே காலங்காலமாக வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லாமல் பணத்தைக் கொடுத்தேன்.

வாங்கினால் மட்டும் போதாது. இங்கிலீஷ் வில்லோவைப் பழக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயை முகத்திலும் ஓரத்திலும் அடியிலும் மெல்லிசாகத் தடவி, படுக்கப்போட்டு ஊற விட வேண்டும். பெயிண்ட் கடையில் காய்ச்சின எண்ணெயைத் தருவார்கள். பச்சை எண்ணெய்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பிடிப்பக்கம் எண்ணெய் படக்கூடாது. அப்புறம் மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்ட ஆரம்பித்து, நாளாக நாளாகப் பலமாக. மொத்தம் ஐந்தாறு மணி நேரமாவது தட்டினால்தான் மட்டை தோல் பந்தைத் தாங்கும்.

அந்த வேலையும் தாத்தாவுக்குத்தான். தினம் சாயங்காலம் பால்கனியில் அரை மணி நேரம் டொக் டொக். கீழ்வீட்டுக்காரர் மறுபடியும் மாடியேறி வந்தார்.

தட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்று நினைவுக்கு வரும். அப்பா போவதற்கு இரண்டு வருஷம் முன்னால், டி.வி.யில் ஏதோ மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று, ‘‘அந்த மட்டை உனக்குக் கனம்தான், இல்லடா?’’ என்றார். ‘‘சேச்சே, அதெல்லாம் இல்லப்பா’’ என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி டி.வி.யைப் பார்க்க ஆரம்பித்தார். முப்பது வருஷம் அதை மனசில் வைத்திருந்திருக்கிறார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன். நாலாவது பந்தை நேராக, பந்து போட்ட பெண்ணின் கால் பக்கமாகவே தட்டிவிட்டாள். ரன் இல்லை. பந்தைத் தடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், ‘‘மட்டை எப்படிம்மா இருக்கு?’’ என்றேன்.

‘‘சூப்பர் தாத்தா. ஆனா பிடி கொஞ்சம் தடிமனா இருக்கு. மாத்தணும்’’ என்றாள்.

அப்பாடா என்று இருந்தது.