பனியின் மேல் போட்ட பழி

மாஸ்கோவின் வாசலில் ஜெர்மன் படையைத் தோற்கடித்தது ரஷ்யக் குளிர்தான் என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். போருக்குப் பின் நினைவுக்குறிப்பு எழுதிய ஜெர்மன் தளபதிகளுக்கு இது வசதியான விளக்கம். பனி எதிர்வாதம் செய்யாதே! கணக்கு வேறு சொல்கிறது. 1941 ஜூன் 22-இல் சோவியத் யூனியன் மீது தொடங்கிய அந்தப் படையெடுப்பில், டிசம்பரைவிட ஜூலையில்தான் ஜெர்மன் வீரர்கள் அதிகம் செத்தார்கள். எதிரியிடம் சுமார் 200 டிவிஷன்கள் இருக்கும் என்று மதிப்பிட்டோம், இப்போதே 360 எண்ணியாகிவிட்டது என்று ஜெர்மன் படைத்தலைமையக அதிகாரி ஹால்டர் ஆகஸ்ட் 11 அன்றே நாட்குறிப்பில் எழுதிவிட்டார். அப்போது பனியே விழவில்லை.

குளிரில் எஞ்சின்கள் உறைந்தது பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை. ஆனால் கம்பளி உடைகள் ஏன் வந்து சேரவில்லை? சோவியத் தண்டவாளத்தின் அகலம் 1524 மில்லிமீட்டர், ஜெர்மனியுடையது 1435. பாதையை மாற்றிப் போட வேண்டியிருந்ததால், ரயில்கள் போர்முனைக்குப் பின்னாலேயே தேங்கின. வந்த கொஞ்ச ரயில்களிலும் குண்டுக்கும் எரிபொருளுக்கும்தான் முதலிடம். டாங்கிப் படை என்று நாம் கற்பனை செய்யும் அந்தச் சேனை 6 லட்சம் குதிரைகளோடு கிளம்பியது என்பதையும் மறக்கக் கூடாது. கீவ் நகரில் 6 லட்சம் சோவியத் வீரர்களைச் சிறைபிடித்தார்களே என்பது அடுத்த கேள்வி. பிடித்தார்கள், அதற்குள் செப்டம்பர் முடியப்போனது, சொந்த இழப்பும் 5 லட்சத்தைத் தாண்டியிருந்தது. டிசம்பர் 5 அன்று திருப்பித் தாக்கிய சோவியத் செஞ்சேனையும் அதே குளிரில்தான் நின்றது.