கறுப்புத் துணியில் வெள்ளை வேர்கள்

பள்ளி விடுமுறையில் மெல்பர்ன் நகருக்குச் சென்றுவரும் வாய்ப்புக் கிட்டியது. அங்குள்ள விக்டோரியா தேசிய ஓவியக் கூடத்தில் ஓர் ஓவியம் என்னை நிறுத்திவிட்டது. எட்டு மீட்டர் நீளம். ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம். கரிய துணி முழுவதும் வெள்ளைக் கோடுகள் பின்னிப் பிணைந்து ஓடின. மரமில்லை, மனிதரில்லை. 'இதில் என்ன இருக்கிறது?' என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவை ஒரு கிழங்கின் கொடியும் வேரும், வாசகர்களே! வரைந்தவர் எமிலி காமே உங்வாரே என்னும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண்மணி. 1910ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். மாட்டுப் பண்ணைகளில் உழைத்தவர். ஆலிஸ் ஸ்பிரிங்சுக்கு வடகிழக்கே சுமார் 250 கிலோமீட்டரில் உள்ள உட்டோப்பியா அவருடைய வட்டாரம். 'காமே' என்ற பெயரே அக்கிழங்குக் கொடியின் விதையைக் குறிக்கிறது.

அந்த வறண்ட பூமியில் கிழங்கு இருக்குமிடம் எப்படித் தெரியும்? கிழங்கு பருக்கும்போது மேலே மண் வெடிக்கும். அந்த வெடிப்பைப் பார்த்துப் பெண்கள் கம்பால் தோண்டி எடுப்பார்கள். கிழங்கின் கதை முன்னோர் கதை; அதைப் பாடி, உடம்பில் வண்ணக் கோடுகள் தீட்டி ஆடுவார்கள். பசிக்கு உணவும் குலத்தின் கதையும் அவர்களுக்கு ஒன்றே.

1976இல் அந்த மாட்டுப் பண்ணை நிலம் பூர்வகுடியினருக்காக வாங்கப்பட்டது. பின்னர் நில உரிமை விசாரணை வந்தது. பரம்பரை நிலம் என்று காட்டப் பத்திரம் ஏது? பெண்கள் தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் சான்றாக வைத்தார்கள். நிலம் அவர்களுடையதாயிற்று.

1977இல் அவ்வூர்ப் பெண்கள் பாத்திக் கற்றார்கள். நம் வீடுகளில் உடுத்தும் அதே மெழுகுச் சாயக் கலைதான். எமிலி ஓவியத் துணியில் தீட்டத் தொடங்கியபோது எழுபது வயதைத் தாண்டியிருந்தார். நான் கண்ட ஓவியத்தை 1995இல், தரையில் விரித்த துணிமேல் அமர்ந்து, இரண்டே நாளில் முடித்தார். மறு ஆண்டே மறைந்தார்.

என் மாணவர்களைப் படம் வரையச் சொன்னால் இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு வீடு வரைவார்கள். ஊர் திரும்பியதும், "உங்கள் பாட்டி கீரை பறித்த இடத்தை வரையுங்கள்" என்றேன். பலர் வெறுந்தாளோடு விழித்தார்கள். ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "சார், பாட்டியிடம் கேட்டுவிட்டு நாளைக்கு வரைகிறேன்" என்றாள்.

அவள் பாட்டி இன்னும் இருக்கிறார். நம் வீட்டிலும் கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.