மைக்குக்குள்ள கொஞ்சம் பஞ்சு

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்துல இன்னைக்கு அம்மன் திருவிழா.
மைக் செட் தம்பி ஒரு மலிவு மைக்கைப் பிரிச்சு உக்காந்திருந்தாரு.

வலைமூடிக்குள்ள ஸ்பாஞ்சு உப்புக்காத்துல நைஞ்சு கெடந்தது. மாத்துனாரு.
வெத்துக் கைப்பிடி டப்பா மாதிரி அதிருமாம். உள்ள லேசா பஞ்சு வச்சாரு.
பொன்னேரியில வாங்குன ஷீல்டு வயரைப் பத்த வச்சாரு, இரைச்சல் அடங்க.

"சத்தத்தைப் பிடிக்கிற காப்ஸ்யூலுக்குப் பின்னாடி இருக்குற ஓட்டையை மட்டும் அடைச்சிராதீங்கண்ணா. நாலாப்பக்கச் சத்தத்தையும் இழுக்கும், ஸ்பீக்கர் கூவும்"னாரு.

எவ்வளவு நுணுக்கமான அறிவு இது!

1965-ல வந்த ஷூர் எஸ்எம்57 மைக்குலயே இப்படிப் பிரிச்சு டிரான்ஸ்ஃபார்மரைக் கழட்டிப் பாக்குறவங்க இருக்காங்க. சத்தம் குறையும், தொனி மாறும்.

சாயங்காலம் மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க பாடுனாங்க.
ஒவ்வொரு சொல்லும் தெளிவா விழுந்துச்சு.
மனசு நெறஞ்சு போச்சு.

உங்க ஊர் மைக் செட்காரங்க வேற என்னெல்லாம் செய்வாங்க?